இரண்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நிருபரை உள்ளே வைத்துவிட்டால் யார் போய்க் கேட்பது?

டெல்லித் தமிழர் மன்றம் › நாட்டு நடப்பு

#1 முனிர்க்காவாசி
செவ்வாய், இரவு 9.50

பதினாறு வருடமாக டெல்லியிலிருந்து ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தோழி வீட்டுக்கு வந்திருந்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, பதினொரு வயதில் லண்டன் போனவள். ஜே.என்.யூ.வில் படிக்க வந்தபோது பழக்கம். இப்போது அவளிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறது. இலங்கைக் குடியுரிமையையும் முறைப்படி திரும்ப வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் கொழும்பு போய், அங்கிருந்து வடக்கே காணிப் பிரச்சினை பற்றி ஒரு நெடுங்கட்டுரைக்காகச் சுற்றப் போகிறாள்.

நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பாஸ்போர்ட்டை எடுத்து மேடையில் விரித்தாள். "இந்தக் குறிப்பை வாசிச்சுப் பார்" என்றாள். என் கையில் மாவு. அவளே வாசித்தாள். பொடி எழுத்தில் மூன்று, நான்கு வரி. வேறொரு நாட்டின் குடியுரிமையும் உள்ள பிரிட்டிஷ் குடிமக்களை, அந்த நாட்டின் அதிகாரிகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் பிரதிநிதிகளால் பாதுகாக்க முடியாது. அதுதான் அந்த வரிகளின் சாரம். பாஸ்போர்ட் வாங்கிய பத்து வருடத்தில் அன்றைக்குத்தான் அதைக் கவனித்தாளாம்.

அப்புறம் கேட்டாள்: "என்னை நாலாம் மாடிக்குக் கூப்பிட்டா நீ ஆருக்கு போன் எடுப்பாய்?" கொழும்பில் விசாரணைக்குக் கூட்டிப் போகும் போலீஸ் புலனாய்வு அலுவலகத்துக்கு அங்கே அந்தப் பெயர்.

என்னிடம் பதில் இல்லை. கல்லில் இருந்த தோசை கருகிவிட்டது. அதனால்தான் இங்கே கேட்கிறேன். பத்திரிகையாளர் ஒருவர் இரண்டு நாட்டுக் குடிமகனாக இருந்து, அதில் ஒரு நாடே அவரைப் பிடித்து வைத்தால், இன்னொரு நாட்டுக்கு அவரைக் காப்பாற்றும் கடமை உண்டா, இல்லையா? சட்டம் தெரிந்தவர்களும் வெளியுறவில் வேலை பார்த்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.

---

#2 வக்கீல்_மயூர்விகார்
செவ்வாய், இரவு 10.35

அந்தப் பொடி எழுத்துக்கு வயது தொண்ணூறுக்கு மேல். 1930-இல் ஹேக் நகரில் போட்ட குடியுரிமை உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு அது. ஒருவர் 'அ', 'ஆ' என்ற இரண்டு நாடுகளுக்கும் குடிமகன் என்றால், 'ஆ' நாட்டுக்கு எதிராக 'அ' நாடு அவருக்காக ராஜதந்திரப் பாதுகாப்பில், அதாவது அரசோடு அரசாக வாதாடுவதில், இறங்கக் கூடாது. எங்கள் பிள்ளையை நாங்கள் அடிப்போம், அணைப்போம், அடுத்த வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்கிற கணக்கு.

அதற்குப் பிறகு காற்று மாறியது. 1955-இல் நாட்டபோம் வழக்கில் சர்வதேச நீதிமன்றம், காகிதத்தில் இருக்கும் குடியுரிமையைவிட உண்மையான பிணைப்பு முக்கியம் என்றது. 2006-இல் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் ராஜதந்திரப் பாதுகாப்புக்கு வரைவு விதிகளை எழுதியது. அதன் 7-ஆம் விதிப்படி, ஒருவரின் வாழ்க்கை எந்த நாட்டோடு அதிகம் ஒட்டியிருக்கிறதோ அந்த நாடு, இன்னொரு குடியுரிமை நாட்டுக்கு எதிராகவும் அவருக்காக வாதாடலாம். உங்கள் தோழி பதினொரு வயது முதல் லண்டன்வாசி. கேட்பதற்கு பிரிட்டனுக்கு வழி இருக்கிறது.

ஆனால் அதே வரைவின் 2-ஆம் விதியையும் பாருங்கள். பாதுகாப்புக் கொடுப்பது நாட்டின் *உரிமை* என்றுதான் அதில் இருக்கிறது, *கடமை* என்று இல்லை. மனமிருந்தால் கேட்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். உள்ளே இருப்பவருக்கு அதில் எந்தப் பிடியும் கிடையாது. "பாதுகாக்க முடியாது" என்று பாஸ்போர்ட்டில் அச்சடித்திருப்பதை நான் "பாதுகாப்பதாக வாக்குக் கொடுக்க மாட்டோம்" என்றுதான் வாசிக்கிறேன்.

---

#3 கரோல்பாக்_கணக்கர்
செவ்வாய், இரவு 11.05

யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. இரண்டு பாஸ்போர்ட் என்பது ஒரு வசதி. ஒரு பக்கம் விசா இல்லாமல் போகலாம், இன்னொரு பக்கம் நிலம் வாங்கலாம். வசதியை அனுபவிக்கும்போது இரண்டு நாட்டுக்காரர். சிக்கல் வந்தால் மட்டும் ஒரு நாட்டுக்காரரா? நம் ராமேஸ்வரம் மீனவரிடம் இருப்பது ஒரே குடியுரிமை. அவரைப் பிடித்துக்கொண்டு போனால் மாதக்கணக்கில் உள்ளே கிடக்கிறார், படகும் போகிறது. முதலில் அவரைப் பார்க்க வேண்டாமா?

---

#4 இரவுப்பணி
புதன், அதிகாலை 2.15

பதிப்பு முடிந்துதான் வாசித்தேன். கணக்கர் அண்ணா சொன்ன "வசதி" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

ஜேசன் ரெசாயன் என்று ஒருவர், வாஷிங்டன் போஸ்ட்டின் தெஹ்ரான் நிருபர். பிறந்தது கலிபோர்னியாவில். அப்பா ஈரானியர் என்பதால் ஈரான் சட்டப்படி மகனும் ஈரானியர். யாரும் அவரிடம் சம்மதம் கேட்கவில்லை. அந்தக் குடியுரிமையை உதறுவதும் லேசில்லை, அமைச்சரவை வரை அனுமதி போக வேண்டும். 2014 ஜூலை 22 அன்று அவரையும் மனைவியையும் வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். அமெரிக்காவுக்கு அங்கே தூதரகம் கிடையாது, சுவிட்சர்லாந்துதான் அதன் சார்பில் பேசும். இவர் ஈரானியர், உங்களுக்கு இங்கே வேலையில்லை என்று சுவிஸ்காரர்களையும் பார்க்க விடவில்லை. எவின் சிறையில் 544 நாள். 2016 ஜனவரியில், அணு ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே நாளில், கைதிப் பரிமாற்றத்தில்தான் வெளியே வந்தார்.

அவராவது திரும்பி வந்தார். சஹ்ரா காஸெமி வரவில்லை. ஈரானில் பிறந்து, கனடாவில் குடியுரிமை பெற்ற புகைப்படப் பத்திரிகையாளர், 54 வயது. 2003 ஜூன் 23 அன்று அதே எவின் சிறை வாசலில், உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்காக நின்றுகொண்டிருந்த குடும்பங்களைப் படமெடுத்தார். பிடித்துப் போனார்கள். ஜூலை 11 அன்று காவலிலேயே இறந்தார். மகன் கனடாவில் இருந்து தாயின் உடலைக் கேட்டார். கொடுக்கவில்லை, ஷிராஸில் அடக்கம் செய்துவிட்டார்கள். கனடா தன் தூதரைத் திரும்ப அழைத்தது. ஈரான் மீது மகன் கனடா நீதிமன்றத்தில் போட்ட வழக்கு 2014-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. வெளிநாட்டு அரசுமீது அப்படி வழக்குப் போட அங்குள்ள சட்டம் இடம் தரவில்லை.

இறந்த பிறகும் இரண்டாவது குடியுரிமை அந்த உடலை விடவில்லை. இதை எப்படி அண்ணா வசதி என்று எழுதுவது?

---

#5 முனிர்க்காவாசி
புதன், காலை 8.20

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். செய்தி மேசைகளில் இது எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுதுவதில்லை.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் இரட்டைக் குடியுரிமைக்காரர்களை ஏன் தேடி வேலைக்கு வைக்கின்றன? விசா மறுக்கும் நாட்டுக்குள் அவர்களால் போக முடியும். மொழி தெரியும். ஆட்டோக்காரர் பேச்சில் ஒளிந்திருக்கும் குத்தல் புரியும். சாவு வீட்டில் எங்கே உட்கார வேண்டும் என்று தெரியும். சித்தி வீட்டில் தங்கிக்கொள்ளலாம், ஹோட்டல் செலவும் மிச்சம். அவர்கள் எழுதியதைத்தான் நாம் டெல்லியில் உட்கார்ந்து மொழிபெயர்த்துப் போடுகிறோம். நானே எத்தனை முறை போட்டிருக்கிறேன்!

அவர்களை உள்ளே விடுகிற அதே இரண்டாவது குடியுரிமைதான், கதவு சாத்தியதும் அவர்களைத் தனியாக நிற்க வைக்கிறது. நன்மை படிக்கிற நமக்கும், எழுத அனுப்பிய நாட்டுக்கும். ஆபத்து மட்டும் எழுதுகிறவருக்கு. கடமை என்று நான் சொல்வது இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மீனவர் பற்றிச் சொன்னது சரி கணக்கர் சார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அவர் பிடிபட்டால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் நம் துணைத் தூதரகத்திலிருந்து ஆள் போய்ப் பார்க்கிறார்கள். "இவர் எங்கள் ஆள், பார்க்க விடமாட்டோம்" என்று இலங்கை சொல்ல முடியாது. அவருக்குக் கிடைப்பது போதாது. இவருக்கு அதுவும் கிடையாது.

---

#6 ஓய்வூதியர்_ஆர்கேபுரம்
புதன், காலை 11.00

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்தவன். அதில் பெரும்பகுதி வெளிநாட்டுத் தூதரகங்களில், உதவியாளர் நிலையில். ஊர் பெயர் வேண்டாம்.

சிறைச் சந்திப்பு என்றால் என்னவென்று பலருக்கும் தெரியாது. தூதரகம் வக்கீல் வைத்து வாதாடும், கதவைத் திறந்து கூட்டி வரும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவு தருவது சின்ன விஷயம்தான். கைதானவர் கேட்டால் அவர் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். தூதரக ஆள் போய்ப் பார்க்கலாம், பேசலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். அவ்வளவே.

ஆனால் அந்தச் சின்ன விஷயத்தின் பெறுமதி எனக்குத் தெரியும். ஒருமுறை ஓர் இளைஞரைப் பார்க்க மேலதிகாரியோடு நானும் போனேன். பத்திரிகையாளர் இல்லை, கட்டட வேலைக்கு வந்தவர். சோப்பு, இரண்டு பனியன், ஒரு பிஸ்கட் பொட்டலம் கொண்டுபோனோம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோபமாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவருக்குக் கண் தெரியவில்லை. கைது செய்த அன்று மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. ஏழு வாரமாக மங்கலான உலகத்தில் இருந்திருக்கிறார். தனக்கு எந்த மொழியில் எதை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று அவரால் வாசிக்கவே முடியவில்லை. வேறெதுவும் கேட்கவில்லை. "கண்ணாடி மட்டும் வாங்கிக் கொடுங்க சார்" என்றார். எந்தப் பவர் என்றால் அவருக்கு ஞாபகமில்லை. ஊருக்குப் பேசி, கடையில் சீட்டைத் தேடி, கண்ணாடி போய்ச் சேர இன்னும் மூன்று வாரம்.

அன்றையிலிருந்து அவரை அடிக்கவில்லை என்று பிறகு சொன்னார். நாங்கள் எதுவும் சாதித்ததால் இல்லை. ஒருவன் வந்து பார்த்துவிட்டுப் போனான், திரும்பவும் வருவான் என்பது காவலர்களுக்குத் தெரிந்ததால்.

இரட்டைக் குடியுரிமைக்காரருக்கு மறுக்கப்படுவது இந்த மேசைதான்.

---

#7 கரோல்பாக்_கணக்கர்
புதன், பகல் 1.30

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சாப்பிட உட்கார முடியவில்லை. "வசதி" என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பிறப்பாலே ஒட்டிக்கொண்டது என்று எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது. கேட்டால் கிடைக்குமா? அந்த நாடு "எங்கள் பிரஜை" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டால், இந்த நாடு என்ன படையா அனுப்ப முடியும்? முடியாததைக் கடமை என்று சட்டத்தில் எழுதி என்ன பயன்?

---

#8 வக்கீல்_மயூர்விகார்
புதன், மாலை 6.45

நியாயமான கேள்வி. விடுவித்துக் கொண்டுவருவது கடமை என்று யாரும் எழுத முடியாது, அது இன்னொருவர் கையில் இருக்கிறது. *கேட்பது* கடமை என்று எழுதலாம். அது முழுக்க நம் கையில் இருப்பது.

எழுதியும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1868-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இன்றும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டு அரசு ஒன்று அமெரிக்கக் குடிமகனை அநியாயமாக அடைத்து வைத்திருப்பது தெரியவந்தால், காரணத்தை உடனே கேட்பது ஜனாதிபதியின் கடமை என்கிறது. சட்டத்தில் இருக்கும் சொல்லே கடமைதான். தென்னாப்பிரிக்காவில் 2004-இல் கவுண்டா வழக்கு. ஜிம்பாப்வேயில் பிடிபட்ட 69 தென்னாப்பிரிக்கர்கள். அவர்கள்மீது இருந்தது கூலிப்படைக் குற்றச்சாட்டு, அனுதாபம் வருகிற ஆட்களும் இல்லை. பாதுகாப்பைக் கட்டாயமாகக் கேட்டு வாங்கும் உரிமை குடிமகனுக்கு இல்லை. ஆனால் அரசிடம் முறையிடும் உரிமை உண்டு, அந்த முறையீட்டை அரசு ஒழுங்காகப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்றது அரசியல் சாசன நீதிமன்றம்.

கேட்டுக்கொண்டே இருந்தால் கதவு அசையும் என்பதற்கு நம் நாட்டிலேயே இரண்டு உதாரணம். பாகிஸ்தான் சிறையில் இருக்கும் குல்பூஷண் ஜாதவ் இந்தியர்தானா என்றே பாகிஸ்தான் சந்தேகம் கிளப்பியது. நாம் ஹேக்கில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனோம். 2019 ஜூலை 17 அன்று 15-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு. அவர் இந்தியர் என்பதில் சந்தேகமில்லை, 36-ஆம் பிரிவை பாகிஸ்தான் மீறிவிட்டது என்றது நீதிமன்றம். கத்தாரில் முன்னாள் கடற்படையினர் எட்டுப் பேருக்கு 2023 அக்டோபரில் மரண தண்டனை. டிசம்பரில் அது குறைந்தது. 2024 பிப்ரவரியில் ஏழு பேர் டெல்லி விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். படை எதுவும் போகவில்லை.

---

#9 இரவுப்பணி
வியாழன், அதிகாலை 1.50

கேட்பதிலும் ஓரவஞ்சனை நடக்கிறது, அதை எழுதாமல் தூங்க முடியாது.

2023-இல் ரஷ்யா இரண்டு அமெரிக்கப் பத்திரிகையாளர்களைப் பிடித்தது. இவான் கெர்ஷ்கோவிச்சை மார்ச் 29 அன்று. ஏப்ரல் 10 அன்றே அமெரிக்க வெளியுறவுத் துறை, "அநியாயமாகப் பிடித்து வைக்கப்பட்டவர்" என்று முறைப்படி அறிவித்தது. அந்த அறிவிப்பு வந்தால்தான் பிணைக்கைதிகளுக்கான சிறப்புத் தூதர் அலுவலகம் முழு மூச்சாக இறங்கும். அல்சு குர்மஷேவா பிராக் நகரில் இருந்து வேலை பார்த்தவர், ரஷ்யக் குடியுரிமையும் உண்டு. உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்க்கக் கசான் போனார். ஜூன் 2 அன்று திரும்பும் விமானத்துக்காகக் காத்திருந்தவரிடமிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் பறித்தார்கள். முதல் குற்றம் என்ன தெரியுமா? அமெரிக்கக் குடியுரிமை இருப்பதைப் பதிவு செய்யவில்லை என்பது. அக்டோபரில் சிறை. கணவரும் இரண்டு மகள்களும் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அந்த ஒரு வரி அறிவிப்புக்காக. பன்னிரண்டு நாளில் ஒருவருக்குக் கிடைத்தது இன்னொருவருக்கு மாதங்கள் போயும் கிடைக்கவில்லை. 2024 ஜூலை 19 அன்று ஒரே நாளில் இருவருக்கும் தண்டனை. ஆகஸ்ட் 1 அன்று ஒன்றாக வெளியே வந்தார்கள், அது பெரிய நிம்மதி. ஆனால் நடுவில் இருந்த மாதங்களை அந்தப் பெண் பிள்ளைகளுக்கு யார் திருப்பிக் கொடுப்பது?

இன்னொன்று, கெய்ரோ. 2013 டிசம்பர் 29 அன்று அல் ஜசீராவின் மூன்று பேர் கைது. பீட்டர் கிரெஸ்ட் ஆஸ்திரேலியர். முகமது ஃபாமி எகிப்து, கனடா இரண்டும். பஹர் முகமது எகிப்தியர் மட்டும். வெளிநாட்டவரை நாடு கடத்தலாம் என்று ஓர் ஆணை வந்தது. 2015 பிப்ரவரி 1 அன்று கிரெஸ்ட் விமானம் ஏறினார். ஃபாமியை, நீ எகிப்தியக் குடியுரிமையை எழுதிக் கொடுத்துவிடு, உன்னையும் அனுப்புகிறோம் என்று நெருக்கினார்கள். அதையும் எழுதிக் கொடுத்தார். அனுப்பவில்லை. மறுவிசாரணை, ஆகஸ்டில் மூன்று வருடத் தண்டனை, செப்டம்பர் 23 அன்று மன்னிப்பு. ஒரே வழக்கு, ஒரே கூண்டு. பாஸ்போர்ட் கணக்குப்படி வேறு வேறு வெளியேற்றம்.

ஃபாமி வெளியே வந்து சும்மா இருக்கவில்லை. 2016 ஜனவரியில் கனடாவின் அம்னெஸ்டியோடு சேர்ந்து ஒரு பாதுகாப்பு சாசனத்தை அரசின் முன் வைத்தார். வெளிநாட்டில் சிக்கிய குடிமகனைக் காப்பதைச் சட்டமாக்கு, இரட்டைக் குடியுரிமைக்காரரிடம் பாகுபாடு காட்டாதே என்பதுதான் அதன் மையம். அனுபவித்தவர் எழுதியது. நாம் பேசுவதற்கு அதைவிட நல்ல அடிப்படை வேண்டாம்.

---

#10 வல்லைவெளி
வியாழன், காலை 9.10

வணக்கம். அந்தப் பாஸ்போர்ட்டின்ர சொந்தக்காரி நான்தான். இவ எழுதினதைப் பார்த்துத்தான் கணக்குத் திறந்தனான்.

கணக்கர் ஐயாவுக்கு ஒரு விசயம். இலங்கைக் குடியுரிமையை நான் கேட்டு வாங்கினது உண்மைதான். அம்மம்மாவின்ர வளவு இன்னும் அவவின்ர பேரிலதான் கிடக்கு. கிணத்தடியில நிண்ட மாமரமும் அப்பிடியே நிக்குது. அந்த ஊரில வெளிநாட்டுக்காரி எண்ட முத்திரையோட போய் நிக்க எனக்கு மனம் வரேல்லை. அதுக்காக எடுத்தனான். அது தப்பெண்டால் தப்புத்தான்.

பயம் ஏன் எண்டால், எங்களுக்கு முன்னால நடந்தது தெரியும். 1979-ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கு. திசைநாயகம் அண்ணையை 2008 மார்ச்சில பிடிச்சு, அவர் எழுதினதுக்காக 2009 ஆகஸ்டில 20 வருசம் தீர்ப்பு. உலகம் முழுக்கச் சத்தம் போட்டுத்தான் 2010 மே மாதம் பொது மன்னிப்பு வந்தது. அவருக்கு வேற நாடு இருக்கேல்லை. எனக்கு இருக்கு, ஆனால் அது வராது எண்டு பாஸ்போர்ட்டிலயே எழுதிக் கிடக்கு.

நான் போகத்தான் போறன். காணியைப் பறிகுடுத்த ஆக்கள் என்னட்டக் கதைக்கிற மாதிரி மொழிபெயர்ப்பாளரோட வாறவையிட்டக் கதைக்க மாட்டினம்.

---

#11 ஓய்வூதியர்_ஆர்கேபுரம்
வியாழன், பகல் 12.15

மகளே, போய் வா. நான் தடுக்கவில்லை.

சத்தம் போட வேண்டும் என்று இங்கே எல்லோரும் எழுதுவதால் ஓர் எச்சரிக்கை. முதல் நாட்களில் சத்தமில்லாமல் பேசினால் சில கதவுகள் திறக்கும். பகிரங்கமாக அதட்டினால் எதிர் அதிகாரிக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். அமைச்சரின் வாய் தவறினாலும் ஆபத்து. நஸனின் ஜகாரி-ராட்கிளிஃப் விடுமுறைக்குப் பெற்றோர் வீட்டுக்கு ஈரான் போய், 2016-இல் அங்கே கைதானவர். 2017 நவம்பரில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சராக இருந்த போரிஸ் ஜான்சன், அவர் அங்கே இதழியல் சொல்லிக் கொடுத்தார் என்று நாடாளுமன்றக் குழுவில் பேசிவிட்டார். அது உண்மையில்லை. சில நாளில் அவரை மறுபடி நீதிபதி முன் நிறுத்தி, இந்தப் பேச்சையே ஆதாரமாகக் காட்டினார்கள்.

---

#12 முனிர்க்காவாசி
வியாழன், மாலை 7.30

ஐயா, நீங்கள் சொன்னதில் பாதிக்குத் தலை வணங்குகிறேன், பாதிக்கு மாட்டேன்.

அதே நஸனின் விஷயத்தில்தான் 2019 மார்ச்சில் பிரிட்டன் அந்தப் பொடி எழுத்தை ஓரம் வைத்தது. அவர் இரட்டைக் குடியுரிமைக்காரர் என்று தெரிந்தே, ராஜதந்திரப் பாதுகாப்புத் தருகிறோம் என்று பகிரங்கமாக அறிவித்தது. ஆக, முடியாது என்பது முடியும். அது அறிவிப்பாக வருவதற்கே மூன்று வருடம் ஆனது. வீடு திரும்பியது 2022 மார்ச்சில், ஷா காலத்து டாங்கி பேரத்தில் ஈரானுக்குத் தர வேண்டியிருந்த ஏறத்தாழ 40 கோடி பவுண்டை பிரிட்டன் கொடுத்த பிறகு. கணவர் தெருவில் பட்டினி கிடந்து சத்தம் போட்டிருக்காவிட்டால் அந்தக் கடன் நினைவுக்கு வந்திருக்குமா?

அமைதி எங்கே போய் முடிகிறது என்பதற்கு தாவித் இசாக். எரித்ரியாவில் பிறந்து, ஸ்வீடனில் தஞ்சமடைந்து, 1992-இல் அங்கே குடியுரிமை பெற்றவர். ஊர் விடுதலை ஆனதும் திரும்பிப் போய் 'செதித்' என்ற பத்திரிகையில் சேர்ந்தார். 2001 செப்டம்பர் 23 அன்று பிடித்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. 2005 நவம்பரில் ஒரு நாள் வெளியே விட்டார்கள், வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார், இரண்டு நாளில் மறுபடி கொண்டுபோய்விட்டார்கள். ஸ்வீடன் வருடக்கணக்கில் மௌன ராஜதந்திரம் என்றது. எரித்ரியா, அவர் எங்கள் ஆள் என்ற ஒரே பதிலோடு நின்றது. கால் நூற்றாண்டு ஆகப் போகிறது. அப்பாவை விட்டுப் பிரிந்தபோது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள் வளர்ந்து ஆளாகி, இப்போது அவர்களே அப்பாவுக்காகப் பேசுகிறார்கள்.

மௌனம் வேண்டாம் என்று சொல்லவில்லை ஐயா. மௌனத்துக்கும் ஒரு தேதி வேண்டும். இத்தனை நாளுக்குள் பார்க்க விடாவிட்டால் வெளியே சொல்வோம் என்று முதல் நாளே குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அது ராஜதந்திரமா, மறதியா என்று வாசலில் நிற்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

---

#13 ஓய்வூதியர்_ஆர்கேபுரம்
வியாழன், இரவு 8.05

தேதி வேண்டும் என்பதை ஏற்கிறேன். என் காலத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

---

#14 துவாரகா_அம்மா
வியாழன், இரவு 10.20

என் மகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறது. அங்கே ஒரு வானொலியில் நிகழ்ச்சி செய்கிறாள். இங்கே வந்து ஏதாவது பதிவு செய்தால் அவளுக்கும் இந்த நிலைதானா? அவள் இந்தியர்தான் என்று சொல்லித் தூதரகத்தைத் தடுப்பார்களா?

---

#15 வக்கீல்_மயூர்விகார்
வெள்ளி, காலை 7.40

தடுக்க முடியாது அம்மா. இந்தியா இரட்டைக் குடியுரிமையே தருவதில்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கிய அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். 2005-இல் வந்த ஓ.சி.ஐ., பெயரில் குடியுரிமை என்று இருந்தாலும், வாழ்நாள் விசா போன்றதுதான். உங்கள் மகள் முழுக்க அமெரிக்கர். கைது என்று ஒன்று நடந்தால் சாணக்கியபுரியில் இருக்கும் அமெரிக்கத் தூதரகத்துக்குச் சொல்ல வேண்டும், பார்க்க விட வேண்டும்.

ஆனால் வேறு பள்ளம் இருக்கிறது. 2021 மார்ச் 4 அறிவிப்பின்படி, ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் இங்கே பத்திரிகைப் பணி செய்யச் சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். ஆய்வுக்கும் மலையேற்றத்துக்கும்கூட அப்படித்தான். ஒலிப்பதிவுக் கருவியோடு வருவதற்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அம்மா வீட்டுக்கு வருகிறேன், அப்படியே நாலு பேரிடம் பேசுகிறேன் என்பது எளிதாகத் தோன்றும். பின்னால் அட்டையையே ரத்து செய்ய அது காரணமாகலாம்.

வெளிநாட்டு அரசுகளிடம் நாம் எதைக் கேட்கிறோமோ அதை நம் வாசலிலும் கேட்க வேண்டும். பேனா பிடிப்பதற்குத் தனி அனுமதிச் சீட்டு என்பது எனக்கு உறுத்துகிறது.

---

#16 முனிர்க்காவாசி
வெள்ளி, மாலை 6.00

நேற்று இரவு நானும் அவளும் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினோம். பிறருக்கும் உதவும் என்று அதில் இருப்பதைச் சொல்கிறேன்.

முதலில் சம்மதக் கடிதம். கைதானவரின் அனுமதி இல்லாமல் அவர் தனியுரிமையைக் காரணம் காட்டிக் குடும்பத்திடம்கூடத் தூதரகங்கள் வாய் திறப்பதில்லை. உள்ளே போன பிறகு அந்தக் கையெழுத்தை எப்படி வாங்குவது? ஆகவே இன்ன இன்னாரிடம் என் நிலைமையைச் சொல்லலாம், பத்திரிகைக்கு எப்போது சொல்வது என்று இவர் முடிவு செய்வார் என்று இப்போதே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். மூன்று பிரதி. ஒன்று லண்டனில் தம்பியிடம், ஒன்று கட்டுரை கேட்ட ஆசிரியரிடம், ஒன்று என் அலமாரியில்.

லண்டனில் அவள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் பயண விவரம் போய்விட்டது. கொழும்பில் ஒரு வக்கீலுக்கு அதிகாரப் பத்திரம் முன்கூட்டியே. எந்தப் பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி உள்ளே போகிறாள் என்பதும் எழுதியிருக்கிறது. பதினொரு வயதிலிருந்து லண்டனில் படித்த பள்ளி, கட்டிய வரி, வீட்டு வாடகைச் சீட்டு, எல்லாவற்றின் நகலும் ஒரே உறையில். வக்கீல் சார் சொன்ன அந்த 7-ஆம் விதிக்காக. ஒரு தேதியும் குறித்திருக்கிறோம்: செய்தி இல்லாமல் 72 மணி நேரம். அதற்குப் பிறகு மௌனம் கிடையாது.

கட்டுரை கேட்ட ஆசிரியர் இந்தப் பட்டியலில் ஒன்றையும் தானாகக் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். காப்பீடு பற்றி அவள்தான் மூன்று முறை மின்னஞ்சல் போட்டாள். நாட்டைக் கடமை கேட்கிற நாம், வேலை கொடுப்பவரையும் விடக் கூடாது.

---

#17 கரோல்பாக்_கணக்கர்
வெள்ளி, இரவு 9.15

வரிக் கணக்கு நகல்களில் வருட வாரியாக மேலே ஒரு பக்கச் சுருக்கம் இருந்தால் யாரும் உடனே பார்க்க முடியும். அனுப்பினால் நாளைக்குள் செய்து தருகிறேன். பணம் வேண்டாம்.

---

#18 ஓய்வூதியர்_ஆர்கேபுரம்
வெள்ளி, இரவு 9.40

அந்தத் தாளில் கண்ணாடி நம்பர் எழுதியிருக்கிறதா?

---

#19 வல்லைவெளி
வெள்ளி, இரவு 10.05

இல்லை ஐயா, அதை மறந்துபோனம். இப்ப எழுதுறன். இடது கண் மைனஸ் 2.75, வலது மைனஸ் 3. பெட்டிக்குள்ள இன்னொரு சோடியும் வைக்கிறன்.